காரீயம் யாரை அதிகம் தாக்குகிறது?

காரீயத்துக்கு மனித உடலில் எந்த வேலையும் இல்லை. இரும்பும் துத்தநாகமும் செம்பும் சிறிதளவேனும் உடலுக்கு வேண்டும். காரீயம் வேண்டவே வேண்டாம். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலைப்பாடு. ஆனால் ஒரே அளவு காரீயம் உள்ளே போனால் எல்லா உடலிலும் ஒரே விளைவுதானா? கைக்குழந்தைக்கும் முதியவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், கருவுற்றவருக்கும் மாதவிடாய் நின்றவருக்கும் இடையே வேறுபாடு உண்டா? உண்டென்றால் அது உடலின் இயல்பிலிருந்து வருகிறதா, வாழும் சூழலிலிருந்து வருகிறதா?

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்தும் அங்கே கையில் இருந்த அளவுகோலிலிருந்தும் பிறந்தது. ஒவ்வொன்றும் சட்டமாகவும் மாறியது. யார் வேலைக்குப் போகலாம், எந்தக் குழந்தையின் இரத்தம் சோதிக்கப்படும், எந்த அளவு ‘அதிகம்’ எனப்படும் என்பதையெல்லாம் இவ்விடைகளே தீர்மானித்தன. ஆகவே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

முதல் விடை: பெண்ணுடல் தாங்காது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரீய நஞ்சு முதன்மையாகத் தொழிற்சாலை நோய். அச்செழுத்து வார்த்தல், மட்பாண்டங்களுக்கு மெருகு பூசுதல், வெள்ளைக் காரீயம் என்ற பெயின்ட் நிறமியைத் தயாரித்தல் ஆகிய தொழில்களில் ஆண்களோடு பெண்களும் இருந்தார்கள். 1860இல் பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்தந்தேன் போல், காரீய வேலை செய்த பெண்களிடையே கருச்சிதைவும் குழந்தை இறப்பும் மிகுந்திருப்பதை எழுதினார். இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவர் தாமஸ் ஆலிவர், வெள்ளைக் காரீயத் தொழிற்சாலைப் பெண்கள், அதிலும் இளம்பெண்கள், ஆண்களைவிட விரைவாக நோயுறுவதாகக் கருதினார். 1898இல் அந்நாட்டு வெள்ளைக் காரீயத் தொழிலின் அபாயகரமான வேலைகளிலிருந்து பெண்கள் விலக்கப்பட்டார்கள். 1921இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த வெள்ளைக் காரீய உடன்படிக்கை, அதைப் பயன்படுத்தும் தொழில்முறை வண்ணப்பூச்சு வேலைகளில் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்களையும் எல்லாப் பெண்களையும் அமர்த்தக் கூடாது என்றது. வயதும் பாலினமும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் தடைசெய்யப்பட்டன.

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடைகிறது. தொப்புள்கொடி இரத்தத்தின் காரீய அளவு தாயின் அளவுக்கு நெருக்கமாகவே இருக்கும். கருவுக்கு நேரும் ஆபத்தைப் பற்றி அன்றைய மருத்துவர்கள் கண்டது சரியே.

பிழை வேறிடத்தில் இருந்தது. வெள்ளைக் காரீயத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தரப்பட்டவை பெரும்பாலும் தூசி மிகுந்த வேலைகள்: காரீயப் படுக்கைகளைக் கலைப்பது, உலர்த்தும் அடுப்பறைகளை நிரப்பிக் காலிசெய்வது, தலைச்சுமையாகத் தட்டுகளைக் கொண்டுபோவது. ஆணும் பெண்ணும் ஒரே கூரைக்கடியில் இருந்தாலும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை. அமெரிக்காவில் காரீயத் தொழில்களை நேரில் ஆராய்ந்த அலிஸ் ஹாமில்டன், பெண்களின் மிகைப் பாதிப்பைப் பதிவுசெய்தார். கூடவே குறைந்த கூலி, சத்தில்லா உணவு, தொழிற்சங்கமின்மை ஆகியவற்றின் பங்கைப் பிரித்தெடுக்காமல் பாலினத்தை மட்டும் காரணமாக்க முடியுமா என்ற ஐயத்தையும் எழுப்பினார்.

இன்னொரு பிழை, ஆணின் இனப்பெருக்கம் கணக்கில் வராமல் போனது. தந்தை மட்டும் காரீய வேலை செய்த குடும்பங்களிலும் கருச்சிதைவுகள் மிகுந்திருப்பதைக் கான்ஸ்தந்தேன் போலே குறித்திருந்தார். அக்குறிப்பு எந்தத் தடைச்சட்டத்திலும் இடம்பெறவில்லை. 1975இல் ருமேனியாவின் பேட்டரித் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், காரீயம் மிகுந்த ஆண்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையும் அசைவும் வடிவும் கெட்டிருப்பதைக் காட்டினார்கள். அதற்குள் ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

இரண்டாம் விடை: வயதே முதன்மை

குழந்தைகளின் காரீய நஞ்சு முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்ட இடம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. 1890களில் பிரிஸ்பேன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் இந்நோயை விவரித்தார்கள். வெயிலில் பொடியாய் உதிரும் தாழ்வாரக் கிராதிகளின் காரீயப் பெயின்ட்தான் காரணம் என்று 1904இல் லாக்ஹார்ட் கிப்சன் எழுதினார். குழந்தைகள் கிராதியைப் பிடிக்கிறார்கள். பிறகு விரலை வாயில் வைக்கிறார்கள். அன்று பலர் இதை ஏற்கவில்லை. குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டத்தால் அப்பெயின்டைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் காரீயத்தைத் தடைசெய்ய 1978 வரை ஆனது.

பிழைத்துவிட்ட குழந்தை குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை 1943 வரை நீடித்தது. அவ்வாண்டில் பாஸ்டனின் பயர்ஸ், லார்ட் என்ற இரு ஆய்வாளர்கள், குணமடைந்ததாக அனுப்பப்பட்ட இருபது குழந்தைகளைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தபோது பத்தொன்பது பேர் பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் பாற்பற்களில் படிந்த காரீயத்தை அளந்து, நோய்க்குறி எதுவும் தெரியாத குழந்தைகளிடமும் அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். 2005இல் புரூஸ் லான்ஃபியரும் பிறரும் ஏழு நீள்காலத் தொடராய்வுகளின் 1,333 குழந்தைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். இரத்தக் காரீயம் டெசிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 30 ஆக உயரும்போது நுண்ணறிவு ஈவில் சுமார் 6.9 புள்ளிகள் குறைந்தன. அதில் பாதிக்கு மேல், அதாவது 3.9 புள்ளிகள், 10க்குள்ளேயே போய்விட்டன. குறைந்த அளவில்தான் ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிகம் பறிக்கிறது என்பது இதன் பொருள்.

குழந்தையின் உடல் ஏன் இப்படி எதிர்வினை புரிகிறது என்பதற்குக் காரணங்கள் ஓரளவு தெளிவாகவே உள்ளன. பெரியவர் உணவோடு விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படுகிறது. கைக்குழந்தைகளிடம் 1978இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் அது 42 விழுக்காடாக இருந்தது. குழந்தை தன் எடைக்கு மிகுதியாக உண்கிறது, மிகுதியாக மூச்சிழுக்கிறது. தரையோடு தரையாகத் தவழ்கிறது. பெரியவரின் உடலிலுள்ள காரீயத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் அடைபட்டுக் கிடக்கும். குழந்தையிடம் அப்பங்கு குறைவு. எனவே மூளை உள்ளிட்ட மென்திசுக்களில் சுற்றுவது அதிகம். அம்மூளையோ நரம்பிணைப்புகளை உருவாக்கியும் களைந்தும் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கிறது. நரம்புச் செய்திகளைக் கடத்தும் கால்சியத்தின் இடத்தைக் காரீயம் பிடித்துக்கொள்ளும்போது, கட்டுமானமே கோணலாகிறது.

இந்த அறிவு முன்னேற முன்னேற, கவலைக்குரியதாகக் கருதப்பட்ட அளவும் இறங்கிவந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்த அளவு 1960களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம்; 1991இல் 10; 2012இல் 5; 2021இல் 3.5.

எந்த வயது என்பதில் கருத்து வேறுபாடு

குழந்தைப் பருவம் ஆபத்தானது என்பதில் உடன்பாடு உண்டு. அதற்குள் எந்த ஆண்டு என்பதில் இல்லை. இரண்டு வயதைச் சுட்டுவோர், இரத்தக் காரீயம் அப்போதுதான் உச்சம் தொடுவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். கருவறைக் காலத்தைச் சுட்டுவோர், நரம்பு மண்டலத்தின் அடித்தளம் அப்போதே இடப்படுவதைச் சொல்கிறார்கள். லான்ஃபியர் குழுவின் தொகுப்பாய்வு வேறொன்றைக் காட்டியது: இரண்டு வயதின் உச்ச அளவைவிட, அறிவுத்திறன் சோதிக்கப்பட்ட பள்ளி வயதில் இருந்த அளவே முடிவுகளோடு நெருக்கமாகப் பொருந்தியது. இதை அந்த வயதின் தனிப்பட்ட பாதிப்பு என்றும் வாசிக்கலாம்; ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த மொத்தச் சுமையின் அடையாளம் என்றும் வாசிக்கலாம். ஒரே குழந்தையின் வெவ்வேறு வயது அளவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அவற்றைப் பிரிப்பது கடினம்.

சேதம் திரும்பப்பெறத்தக்கதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடந்த சக்சிமர் மருந்துச் சோதனையின் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. மருந்து இரத்தக் காரீயத்தைக் குறைத்தது, அறிவுத்திறனை உயர்த்தவில்லை. நியூசிலாந்தின் டனீடின் தொடராய்வில் பதினொரு வயதில் இரத்தக் காரீயம் அளக்கப்பட்டவர்கள் 38 வயதில் மீண்டும் சோதிக்கப்பட்டபோதும் அறிவுத்திறன் இழப்பு தெரிந்தது. அந்நகரில் அன்று காரீயம் கலந்த பெட்ரோலின் புகை ஏழை, பணக்காரர் வேறுபாடின்றி எல்லோரையும் தொட்டிருந்தது என்பதால், வறுமைதான் உண்மைக் காரணம் என்ற வழக்கமான மறுப்பு அங்கே அவ்வளவாக எடுபடவில்லை.

வயது என்றால் குழந்தைமை மட்டுமல்ல. சிறுநீரகம் தளரும் முதுமையும் ஆபத்தான காலமே. பாஸ்டன் பகுதியின் முன்னாள் படைவீரர்களிடம் எலும்புக் காரீயத்தை எக்ஸ்-கதிர் முறையில் அளந்த நீண்ட ஆய்வு, உயர் இரத்த அழுத்தத்தோடும் முதுமையின் அறிவுத் தளர்ச்சியோடும் அதற்குத் தொடர்பு காட்டியது. அதில் பங்கேற்றவர் அனைவரும் ஆண்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். செவிலியர்களைப் பின்தொடர்ந்த வேறோர் அமெரிக்க ஆய்விலிருந்து பெண்களின் எலும்புக் காரீயத் தரவு கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியவில்லை. தொழிலும் கல்வியும் வாழ்முறையும் வேறு.

மூன்றாம் விடை: எலும்பின் நினைவு

பாலின வேறுபாட்டுக்கு உறுதியான உடலியல் அடிப்படை தந்தது எலும்பு பற்றிய ஆராய்ச்சிதான். இரத்தத்தில் காரீயத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு மாதம். எலும்பிலோ அது பத்து முதல் முப்பது ஆண்டுகள். எலும்பு கரையும் ஒவ்வொரு சமயத்திலும் கால்சியத்தோடு காரீயமும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. பெண்ணின் வாழ்வில் அப்படிப்பட்ட மூன்று பெரிய கட்டங்கள் உண்டு: கருவுற்றிருத்தல், பாலூட்டுதல், மாதவிடாய் நிற்றல்.

இதை நேரடியாக நிறுவியவை பிரையன் கல்சன் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள். அந்நாட்டின் புரோக்கன் ஹில் சுரங்கக் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் ஐரோப்பாவில் புழங்கிய காரீயத்திலிருந்து வேறுபட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த பெண்களின் எலும்பில் பழைய நாட்டுக் காரீயம் இருந்தது. காற்றிலும் உணவிலும் புதிய நாட்டுக் காரீயம். அவர்கள் கருவுற்றபோது இரத்தத்தில் பழைய நாட்டின் விகிதம் தலைதூக்கியது. குழந்தை பிறந்து பாலூட்டிய மாதங்களில் அது மேலும் கூடியது. சிறுமியாக இருந்தபோது உட்கொண்ட காரீயம், பல ஆண்டுகளுக்குப் பின் அவள் குழந்தையைச் சென்றடைகிறது என்பது இவ்வாறு ஐயமின்றித் தெரிந்தது.

மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி எலன் சில்பர்கெல்டு குழு 1988இல் எழுதியது. அமெரிக்க நாடளாவிய உடல்நல ஆய்வுத் தரவுகளில், அக்கட்டத்தைக் கடந்த பெண்களின் இரத்தக் காரீயம் உயர்ந்திருந்தது. 2003இல் வந்த மற்றோர் ஆய்வு, நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களில் காரீயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு மாதவிடாய் நின்றவர்களிடமே வலுவாக இருப்பதைக் காட்டியது. இரத்த அழுத்தம் தொடர்பான முந்தைய சான்றுகள் நடுவயது ஆண்களிடமிருந்தே பெரிதும் வந்தவை. அதனால் இதய நோயைப் பொறுத்தவரை காரீயம் ஆண்களின் சிக்கல் என்ற எண்ணம் பரவியிருந்தது. பெண்களைத் தனியாகவும் வயதுக்கட்டம் வாரியாகவும் பார்த்தபோது அது தளர்ந்தது.

இந்த விடையின் பலம், தலையிட வழிகாட்டுவது. மெக்சிகோ நகரில் கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்த சோதனையில், இரத்தக் காரீயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்தக் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்து கால்சியமோ இரும்போ போதாத கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவற்றைக் கூடுதலாகத் தரப் பரிந்துரைக்கிறது. இதன் பலவீனம், ஆணின் எலும்பை மறப்பது. ஆண்களின் எலும்பும் முதுமையிலும் நெடுநாள் படுக்கையிலும் கரைகிறது. வேகம்தான் குறைவு.

அளவுகோலே ஒருபுறம் சாய்ந்தால்

ஏறத்தாழ எல்லாக் கணக்கெடுப்புகளிலும் வயதுவந்த ஆண்களின் இரத்தக் காரீயம் பெண்களுடையதைவிட உயர்ந்திருக்கிறது. இதற்கு முதல் காரணம் ஆண்களே காரீயத் தொழில்களில் மிகுந்திருப்பது. இரண்டாவது காரணம் அளவுகோலிலேயே உள்ளது. இரத்தக் காரீயத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிறது. ஆணின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அதிகம். ஆகவே திசுக்களை அடையும் காரீயம் சமமாக இருந்தாலும், முழு இரத்தத்தை அளக்கும்போது ஆணின் எண் உயர்ந்து தெரியலாம். இரத்தச்சோகை உள்ள பெண்ணின் எண் தாழ்ந்து தெரிந்து, உண்மைச் சுமையை மறைக்கலாம்.

விளைவைப் பார்த்தால் படம் திரும்புகிறது. ஹீமோகுளோபின் உருவாக்கத்தைக் காரீயம் தடுக்கும்போது புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் இரத்தத்தில் தேங்குகிறது. 1970களில் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள், ஒரே இரத்தக் காரீய அளவில் ஆண்களைவிடப் பெண்களிடமும் குழந்தைகளிடமும் இது முன்னதாகவே உயர்வதைக் காட்டின. பெண்ணின் இரத்தம் காரீயத்துக்கு அதிகம் மசிகிறது என்பதற்கு இது சான்றாக எடுக்கப்பட்டது. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தாலும் அதே பொருள்தான் தேங்கும். பெண்களும் குழந்தைகளுமே இரும்பு குறைந்தவர்கள். எனவே இங்கு செயல்படுவது பாலினமா, இரும்புக் குறைவா என்பதை இப்பரிசோதனை மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்த ஐயம் இந்தியாவுக்கு மிகவும் முக்கியமானது. குடலில் இரும்பை உள்ளே விடும் அதே கடத்திப் புரதம் காரீயத்தையும் உள்ளே விடுகிறது. இரும்பு குறையும்போது குடல் அப்புரதத்தைப் பெருக்குகிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை. தமிழ்நாட்டில் பெண்களிடையே அது 53 விழுக்காடு. வெறும் வயிற்றில் காரீய உறிஞ்சல் பல மடங்கு கூடும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. வீட்டில் கடைசியாக, குறைவாகச் சாப்பிடுகிறவர் யார் என்பதை நம் சமையலறைகள் அறியும். இங்கே பெண்ணுடலின் ‘இயல்பான’ மென்மை எனத் தோன்றுவதில் ஒரு பகுதியாவது தட்டில் விழாத உணவின் விளைவாக இருக்கக்கூடும்.

மூளையில் பாலின வேறுபாடு: முரண்படும் ஆய்வுகள்

சிறுவர்களின் மூளையா, சிறுமியரின் மூளையா, எது அதிகம் பாதிக்கப்படுகிறது? முரண்பாடு மிகுந்த பகுதி இதுதான்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் காரீய உருக்காலை நகரான போர்ட் பிரியில் 1979 முதல் 1982 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு, சிறுமியரே அதிகம் பாதிக்கப்படுவதாகக் கண்டது. அமெரிக்காவின் சின்சினாட்டித் தொடராய்வு நேர்மாறானது. கருவறையில் அடைந்த காரீயத்தின் விளைவு ஆண் சிசுக்களிடமும் மிக ஏழைக் குடும்பங்களிலும் தெளிவாக இருந்தது. அதே குழந்தைகள் இளைஞர்களானபின் 157 பேருக்கு எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படங்களில், முன்மூளையில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. அக்குறைவு ஆண்களிடம் மிகுதி. போலந்தின் கிராக்கோவ் ஆய்வு, தொப்புள்கொடி இரத்தத்தில் மிகக் குறைந்த காரீயமே இருந்தபோதும் சிறுவர்களின் வளர்ச்சி மதிப்பெண் குறைவதைக் காட்டியது.

முரண்பாட்டுக்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது ஹார்மோன் சார்ந்தது: ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களைக் காக்கிறது, எனவே சிறுவர்களே எளிதில் சேதமடைவார்கள் என்பது. இது கிராக்கோவ், சின்சினாட்டி முடிவுகளுக்குப் பொருந்தும். போர்ட் பிரிக்குப் பொருந்தாது. இரண்டாவது, காலமும் அளவும் வேறு என்பது. கருவறைச் சேதம் சிறுவர்களிடமும், பின்னால் நேரும் சேதம் சிறுமியரிடமும் மிகுதியாக இருக்கலாம். எலி ஆய்வுகளிலும் காரீயம் கொடுக்கப்பட்ட காலத்தையும், தாய்க்கு மன அழுத்தம் இருந்ததா என்பதையும் பொறுத்துப் பாலின வேறுபாட்டின் திசை மாறுகிறது. மூன்றாவது புள்ளியியல் சார்ந்தது. இத்தொடராய்வுகளின் முதன்மை நோக்கம் பாலின ஒப்பீடு அல்ல. நூற்றுக்கணக்கான குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும்போது தற்செயல் வேறுபாடுகள் எளிதில் தலைகாட்டும். வேறுபாடு தென்பட்ட ஆய்வுகளே அதிகம் பேசப்படும்.

மூன்றில் எதையும் இன்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சிறுவன், சிறுமி இருவரிடமும் இழப்பு உண்டு என்பதில் இந்த ஆய்வுகள் முரண்படவில்லை. பருவமெய்துதலிலும் அப்படியே. அமெரிக்கச் சிறுமியரிடம் காரீயம் பூப்பைத் தாமதப்படுத்துவதாக 2003இல் ஆய்வுகள் வந்தன. ரஷ்யாவின் சப்பாயெவ்ஸ்க் நகரச் சிறுவர்களிடமும் பின்னர் அதே தாமதம் காணப்பட்டது.

நான்காம் விடை: உடல் அல்ல, வாழ்நிலை

வேறுபாட்டின் பெரும்பகுதி உடலுக்கு வெளியே இருக்கிறது என்போர் நைஜீரியாவின் சம்ஃபாராவைச் சுட்டுகிறார்கள். 2010இல் அங்கே சிற்றூர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தங்கம் எடுக்கக் கொண்டுவந்த கல்லில் காரீயம் மிகுந்திருந்தது. பெண்கள் வெளியே சென்று வேலைசெய்யும் வழக்கமில்லாத குடும்பங்களில் கல்லை உடைப்பதும் அரைப்பதும் வீட்டு முற்றத்திலேயே நடந்தன. அம்முற்றத்தில்தான் குழந்தைகள் தவழ்ந்தார்கள். ஆண், பெண் வேலைப் பிரிவினையே தூசியைக் குழந்தையின் வாய்வரை கொண்டுவந்தது.

தெற்காசியாவில் வேறு வழிகள். வங்கதேசத்தில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் இருந்த காரீயத்தின் மூலத்தைத் தேடிப்போன ஆய்வாளர்கள், மஞ்சளுக்கு நிறமேற்றச் சேர்க்கப்பட்ட லெட் குரோமேட்டைக் கண்டார்கள். கலப்படக் கண் மை, செந்தூரம், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் குடிசைத் தொழில், வெள்ளீயத்தில் காரீயம் கலந்து செய்த மலிவான ரசச் சொம்பு என ஒவ்வொரு வழியும் வேறொரு வயதினரையும் பாலினத்தவரையும் முதலில் தொடுகிறது. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுவரையான 756 பள்ளிக் குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில் சராசரி இரத்தக் காரீயம் 11.4 மைக்ரோகிராம், அது கூடக்கூடக் கவனக்குறைவும் கூடியது. இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் காரீயத்தை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டன. ஆனாலும் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாகச் சொன்னது.

இந்த விடையின் பலவீனம், எல்லாவற்றையும் வாழ்நிலையில் ஏற்றிவிடும் சாய்வு. கல்சனின் ஐசோடோப்புகளை எந்தச் சமூகவியலும் விளக்கிவிடாது. வசதியான வீட்டிலும் கைக்குழந்தையின் குடல் பெரியவரின் குடலைவிட மிகுதியாகவே காரீயத்தை உறிஞ்சும். உடலும் வாழ்நிலையும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான கூற்று.

சட்டம் எடுத்துக்கொண்ட விடைகள்

அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், கருத்தரிக்க இயலாது என்று மருத்துவச் சான்று தராத பெண்கள் எவரையும் காரீயப் பணிகளில் வைப்பதில்லை என 1982இல் விதி வகுத்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஓர் ஆணும் இருந்தார்: தந்தையாக விரும்பி, உடலின் காரீய அளவைக் குறைத்துக்கொள்ள விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டவர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. பிரிட்டனின் விதிகள் வேறு வழியில் செல்கின்றன. வேலையிலிருந்து விலக்கும் அளவு பொதுவாக 60 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு 30, இளவயதினருக்கு 50. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அபாயகரமான வேலைகளில் பெண்களையும் இளையோரையும் தடைசெய்ய மாநிலங்களுக்கு 87ஆம் பிரிவில் அதிகாரம் தந்தது.

ஒவ்வொரு வழிக்கும் விலை உண்டு. பெண்களை விலக்கினால் அவர்கள் கூலியை இழக்கிறார்கள். ஆண்கள் அதே தூசியில் நிற்கிறார்கள். பாலினத்துக்கேற்ப அளவு வைத்தால் கருவுக்குப் பாதுகாப்பு கூடுகிறது, ஆனால் 60 மைக்ரோகிராம் ஆணுக்குத் தீங்கற்றது என்ற தவறான பொருளும் அதில் ஒளிந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே உயர்ந்த அளவு வைத்தால் கருவும் இரத்தச்சோகையுள்ளவரும் கைவிடப்படுகிறார்கள். மிக எளிதில் சேதமடையும் உடலைக் கருத்தில் கொண்டு எல்லோருக்கும் ஒரே தாழ்ந்த அளவை வைப்பதே இச்சிக்கல்கள் குறைந்த வழி. அது தொழிலுக்குச் செலவு வைக்கும். அச்செலவைத் தவிர்க்கவே நூறு ஆண்டுகளாக ஆட்களை மாற்றினார்கள், காரீயத்தை மாற்றவில்லை.

மதிப்பீடு

இதுவரை சேர்ந்த சான்றுகளைத் தரம் பிரித்தால் மூன்று படிகள் தெரிகின்றன.

உறுதியானவை: கருவும் சிறுகுழந்தையும் ஒரே அளவு காரீயத்தை மிகுதியாக உள்வாங்கி, மிகுதியாக இழக்கின்றன. எலும்பில் தங்கிய காரீயம் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்றபின்னும் திரும்பி வருகிறது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்துக்கு எளிதில் இடம்கொடுக்கிறது. ஆணின் இனப்பெருக்கமும் இதயமும் காரீயத்துக்கு விலக்கல்ல.

வாய்ப்புள்ளவை: ஹீமோகுளோபின் உருவாக்கத்தில் பெண்களின் முன்கூட்டிய பாதிப்பு; மிகக் குறைந்த அளவில், கருவறைக் காலத்தில் சிறுவர்களின் மூளைக்குக் கூடுதல் பாதிப்பு. இரண்டிலும் குறுக்கிடும் காரணிகள் முழுமையாகக் களையப்படவில்லை.

திறந்திருப்பவை: மூளையில் பாலின வேறுபாடு வயதுக்கேற்பத் திசை மாறுகிறதா? ஆண், பெண் முதியோரிடம் எலும்புக் காரீயத்தின் விளைவை ஒரே முறையில், ஒரே சமூகத்தில் ஒப்பிட்டால் என்ன தெரியும்? இரத்தச்சோகை பரவலாக உள்ள மக்களிடம் முழு இரத்த அளவீடு எவ்வளவு தூரம் ஏமாற்றுகிறது? இவற்றுக்கு விடை தர, தொடக்கத்திலேயே பாலின ஒப்பீட்டை நோக்கமாகக் கொண்ட, இரும்புச்சத்தையும் சேர்த்து அளக்கிற பெரிய தொடராய்வுகள் வேண்டும். அவை நடக்க வேண்டிய இடங்கள் காரீயமும் இரத்தச்சோகையும் ஒருசேர மிகுந்த தெற்காசியாவும் ஆப்பிரிக்காவும். இதுவரையான நீள்காலச் சான்றுகளில் பெரும்பகுதி, இரத்தச்சோகை குறைந்த நாடுகளிலிருந்தே வந்தது.

வேறுபாடுகளை அறிவது யாரை வெளியேற்றலாம் என்று முடிவுசெய்ய அல்ல. எந்த வழியை முதலில் அடைக்க வேண்டும், யாருடைய இரத்தத்தை எப்போது சோதிக்க வேண்டும், யாருக்கு எந்தச் சத்தைத் தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள. மேற்கண்ட கேள்விகளுக்கு விடை வரும்வரை அந்தப் பணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வயதிலும் எந்தப் பாலினத்துக்கும் காரீயம் பாதுகாப்பானது என்று காட்டும் சான்று எதுவும் இல்லை என்பதே செயல்படப் போதுமான அறிவு.